நான்காம் முறை: மஸ்க் ஆமைக் குஞ்சு வந்தாச்சு

நேற்று காலை ஆறரைக்கு, மஸ்க் ஆமை (அமெரிக்காவின் சின்ன நன்னீர் ஆமை) முட்டைகளை வைத்திருக்கும் பெட்டியைத் திறந்தால், இரண்டாவது முட்டையில் விரிசல். உள்ளே கறுப்பாக ஒரு மூக்கு நுனி. சாயங்காலத்துக்குள் முழுசாக வெளியே வந்துவிட்டது. நம் ஐம்பது காசு அளவுதான் ஓடு. அடியில் மஞ்சள் கரு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருப்பதால் ஈரத் துணியில் இருட்டாக வைத்திருக்கிறேன்.

முதல் முறை தாய் ஆமை தண்ணீரிலேயே முட்டையை விட்டது. மணல் தட்டு வைத்தும் ஏறவில்லை. இவை அமெரிக்காவில் மக்கிய மரக்கட்டைக்கு அடியிலும் சருகுக்குள்ளும் முட்டையிடுகிறவை என்று படித்த பிறகு, பழைய ரப்பர் காட்டிலிருந்து மக்கிய சருகு ஒரு சாக்கு கொண்டுவந்து மணலோடு கலந்தேன். மறுவாரமே ஏறிக் குழி பறித்தது.

இரண்டாம் முறை பூஞ்சை பிடித்துப் போனது. மூன்றாம் முறை முட்டைகள் சூட்டில் கெட்டன. இதுதான் எனக்குப் பெரிய தலைவலி. ஒண்டாரியோ முதல் ஃபுளோரிடா வரை வாழும் இனம் இது. அங்கே வளர்ப்பவர்கள் ஹீட்டரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தகரக் கூரைக்குக் கீழே பிற்பகல் மூன்று மணிக்கு 34 பாகை. நமக்கு வேண்டியது குளிர்ச்சி. சூடு கூடினால் பிறப்பதெல்லாம் பெண்ணாகிவிடும், எனக்கோ ஓர் ஆணாவது வேண்டும்.

கடைசியில் பலித்தது இந்த ஏற்பாடு: மீன் வரும் வெள்ளை நுரைப் பெட்டி, குளியலறைச் சிமென்ட் தரையில். உள்ளே வெர்மிகுலைட் (செடிக்குப் போடும், ஈரம் பிடித்துவைக்கும் தாதுப் பருக்கை), பிழிந்தால் ஒரு சொட்டும் வரக்கூடாது, அந்த ஈரம். ஓரமாக, முட்டையைத் தொடாமல், துண்டு சுற்றிய ஐஸ் பாட்டில். காலை ஒன்று, மத்தியானம் ஒன்று. நான் வேலையில் இருக்கும்போது அம்மாதான் பார்த்துக்கொள்வார். "தம்பி, இருபத்தேழு காட்டுது, மாத்தவா?" என்று போன் வரும். 81 நாளும் 26, 27க்குள் நின்றதற்கு அவர்தான் காரணம்.

முட்டையைப் புரட்டவே கூடாது. எடுத்தவுடன் மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்தேன். மூன்றாம் நாள் போன் வெளிச்சத்தில் பார்த்தபோது, பீங்கான் போன்ற ஓட்டின் நடுவே சுண்ணாம்பு பூசியது மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. கரு பிடித்ததற்கு அதுதான் அடையாளம். மூன்றில் இரண்டுக்கு அது வந்தது.

வெர்மிகுலைட் ஈப்போவில் ஒரு செடிக் கடையில் கிடைத்தது, ஆனால் பொடியாக. அடுத்த தடவை கேமரன் மலைக்குப் போகும்போது பெரிய பருக்கையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

குஞ்சுக்கு இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். தரையில் நடப்பதுதான் இவற்றின் வழக்கம், நீந்துவது குறைவு. நாக்கிலுள்ள சிறு மொட்டுகளால் தண்ணீரிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கும் என்று வியன்னா ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். அதனால் பெரிய தொட்டிக்குக் காற்று பம்ப் போடலாம் என்றிருக்கிறேன்.

ஒன்று மட்டும் மனசாரச் சொல்கிறேன்: வளர்க்க முடியாவிட்டால் கோயில் குளத்திலோ தோட்டத்து வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். அங்கே நம் ஊர்ச் சேற்று ஆமைகள் வாழ்கின்றன.

மூன்றாவது முட்டை இன்னும் அசையவில்லை. வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இருட்டாக நிறைந்திருக்கிறது. இன்று 82ஆம் நாள், பாட்டில் மாற்றப் போகிறேன்.