செருப்பில்லாத கணக்கு வாத்தியார்: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 8, ஞாயிறு

பள்ளி திறந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. பாடக்குறிப்பேடு எழுதி முடித்ததும், மே மாத லீவில் பாதியில் விட்டிருந்த, ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஃப்ரிட்ஸ் முல்லரைப் பற்றிய வாசிப்பைத் திரும்பக் கையில் எடுத்தேன். எர்ஃபுர்ட் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பாதிரியாரின் மகன். பெர்லினில் 1844-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறம் கிரைஃப்ஸ்வால்டில் மருத்துவமும் படித்து முடித்தார். ஆனால் மருத்துவராக வேண்டுமென்றால் கடவுள் பேரிலும் நற்செய்தியின் பேரிலும் உறுதிமொழி எடுக்க வேண்டும். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்பாததைச் சொல்ல மாட்டேன் என்று நின்றுவிட்டார். பட்டம் கைக்கு வரவில்லை.

ஒரு வரிதானே, சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. ராத்திரி பாத்திரம் கழுவும்போதும் அதே யோசனை. அந்த ஒரு வரிக்காகத்தான் மனுஷன் கடலையே கடந்திருக்கிறார். ஜெர்மனியில் 1848 புரட்சியும் தோற்றுப்போக, 1852-இல் மனைவியோடும் தம்பி ஆகஸ்ட் குடும்பத்தோடும் தென் பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார்.

ஜூன் 11, புதன்

அவர்கள் போய் இறங்கிய ஊர் புளுமெனாவ். சான்டா காட்டரினா மாநிலத்தில், இட்டஜாயி ஆற்றங்கரையில், ஹெர்மன் புளுமெனாவ் என்பவர் 17 பேரோடு 1850-இல் தொடங்கிய குடியேற்றம். முல்லர் போனபோது அதற்கு வயது இரண்டு. டாக்டர் பட்டம் வாங்கியவர் கையில் கோடரி. மரம் வெட்டி, வீடு கட்டி, பயிர் வைத்து நான்கு வருஷம்.

ஒன்றை எழுதாமல் தாண்ட மனம் வரவில்லை. அது ஆளில்லாத காடு அல்ல, ஷோக்லெங் பழங்குடி மக்களின் காடு. குடியேற்றம் பெருகப் பெருக, அவர்களை வேட்டையாடுவதற்கென்றே கூலிக்கு ஆள் வைத்தார்கள். 2023 செப்டம்பரில்தான், அரசியல் சட்டம் வந்த 1988-இல் அந்த மண்ணில் இருந்ததை நிரூபித்தால்தான் உரிமை என்ற வாதத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளியது. அவர்களுடைய நிலத்தைப் பற்றிய வழக்குதான் அது. முல்லரை எனக்கு எவ்வளவு பிடித்தாலும், அவர் வீடு நின்றது அந்த மண்ணில்தான்.

ஜூன் 14, சனி

மீன்பிடித் தடைக்காலம் இன்றோடு முடிகிறது. வீட்டுக்காரர் வளர்ப்பு இறால், வனாமிதான், அரைக்கிலோ வாங்கி வந்தார். உரித்துக்கொண்டே முல்லரை நினைத்தேன். 1856-இல் அவர் கடலோர நகரமான டெஸ்டெரோவுக்குப் போனார். இன்றைய ஃப்ளோரியானோபொலிஸ். அங்கே கணக்கு வாத்தியார். (இதைப் படித்த அன்றைக்குத்தான் இவர் எனக்கு நெருங்கியவரானார்.) வகுப்பு போக மீதி நேரமெல்லாம் கடற்கரையும் நுண்ணோக்கியும்தான்.

உயிரினங்கள் பொது மூதாதையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்தவை என்று சொல்லும் டார்வினின் புத்தகம் 1861-இல் அவர் கைக்கு வந்தது. இது சரி என்றால் இறால், நண்டு வகையறாவில் தெரிந்தாக வேண்டுமே என்று தேடிப் பார்த்தார். இறாலின் இளங்குஞ்சு இறால் போலவே இல்லை. ஒற்றைக் கண், மூன்று ஜோடி கால், புள்ளி மாதிரி ஒரு உடம்பு. நாப்ளியஸ் என்பார்கள். ஓட்டுடலிகளில் எத்தனையோ வகைக்கு அதுதான் முதல் உருவம். இறாலிலும் அது இருப்பதைக் கண்டுபிடித்தவர் இவர். எல்லாம் ஒரே மூதாதை வழி வந்தவை என்பதற்கு அது ஒரு சாட்சி. 1864-இல் 'டார்வினுக்காக' என்று சின்னதாக ஒரு புத்தகம் எழுதினார். டார்வின் அதைத் தன் செலவிலேயே ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1865-இல் தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1882-இல் டார்வின் இறக்கும்வரை நடந்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

பள்ளி ஜெசூட் பாதிரிமார்களின் கைக்குப் போக, முல்லரின் வேலையும் போயிற்று. 1867-இல் திரும்பவும் புளுமெனாவ்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றைக்கு எட்டாம் வகுப்பில் முல்லரின் கணக்கைப் போட்டோம். 1879-இல் அவர் எழுதியது. கசக்கும் பட்டாம்பூச்சி இரண்டு இனம் ஏன் ஒரே மாதிரி இறக்கை வைத்திருக்கிறது? பறவை பிறக்கும்போதே எது கசக்கும் என்று தெரிந்துகொண்டு வருவதில்லை. தின்றுதான் கற்கிறது. ஒரு இனம் 10,000, இன்னொன்று 2,000. பாடம் படிக்க ஒவ்வொன்றிலும் 1,200 சாக வேண்டும் என்று வைத்துக்கொண்டார் முல்லர்.

நூறால் வகுத்துப் புளியங்கொட்டைக்கு மாற்றினேன். நூறு கொட்டை சாதாரணமாக, இருபதில் மட்டும் சாக்பீஸ் புள்ளி. தனித்தனிப் பையென்றால் இரண்டிலிருந்தும் பன்னிரண்டு போகும். இறக்கை ஒரே மாதிரி இருந்தால் பறவைக்கு இரண்டும் ஒன்றுதான், அதாவது ஒரே பை. அப்படிக் கலந்தால் மொத்தமே பன்னிரண்டுதான். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னேன். ஒருத்தி கையில் புள்ளி வைத்தது மூன்று, இன்னொருத்தன் கையில் ஒன்று. வகுப்பு முழுக்க எடுத்து முடித்தபோது சராசரி இரண்டை ஒட்டி வந்தது.

"அப்படின்னா சின்னக் கூட்டத்துக்குத்தான் லாபமா டீச்சர்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். பன்னிரண்டுக்குப் பதில் பெரிய இனத்தில் பத்தும், சிறியதில் இரண்டும்தான் போகிறது. பெரிய இனம் நூற்றுக்கு இரண்டு காப்பாற்றுகிறது, சிறிய இனம் நூற்றுக்கு ஐம்பது. அவனே கரும்பலகைக்கு வந்து எழுதினான். கை கொஞ்சம் நடுங்கியது, விடை சரி.

ஜூன் 22, ஞாயிறு

1880-இல் இட்டஜாயி பெருவெள்ளம். முல்லர் தப்பித்ததே பெரிது. சேதி கேட்ட டார்வின், புத்தகமும் கருவிகளும் போயிருந்தால் வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்றார். முல்லர் நன்றி சொல்லி, வேண்டாம் என்றுவிட்டார்.

1876 முதல் ரியோ தேசிய அருங்காட்சியகத்துக்குப் பயண ஆய்வாளராகச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. 1891-இல், ரியோவிலேயே வந்து குடியிருக்க வேண்டும் என்று உத்தரவு. எழுபதை நெருங்கும் வயது. போகவில்லை. வேலையை எடுத்துவிட்டார்கள். 1897-இல் புளுமெனாவிலேயே காலமானார். அங்கே அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

அவருடைய படம் ஒன்று கிடைத்தது. தாடி, கையில் தடி, காலில் செருப்பில்லை. ஊரில் அப்படித்தான் நடப்பாராம். நாளைக்கு அச்செடுத்து வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும். புளியங்கொட்டைப் பையை அதற்குக் கீழே ஆணியில் மாட்டிவைக்கலாம். ஏழாம் வகுப்புக்காரர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.