எங்கள் பட்டணத்தில் பொம்பா சுக்கரேலா தொடங்கிய கதை

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற சின்னப் பட்டணம் எங்களுடையது. இங்கே பொம்பா சுக்கரேலா என்கிற தன்னார்வத் தீயணைப்புப் படை எப்படி உருவானது என்று மற்ற தோட்டப்புறத்து நண்பர்கள் கேட்கிறார்கள். தொடக்கத்திலிருந்து செயலாளராக இருப்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

காரணம் தூரம்தான். 999-க்கு அழைத்தால் வண்டி வரும், ஆனால் செம்பனை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து, தோட்டத்துச் சடக்கில் திரும்பி, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) முன்னால் நிற்பதற்குள் பலகை வீடு மிஞ்சாது. பழைய லயன் வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. ஒரு வீட்டு அடுப்படியில் பிடித்த நெருப்பு மேலேயே ஓடி நாலாவது வீட்டில் இறங்கிவிடும். அப்படித்தான் ஒரு லயமே போனது. உயிர்ச்சேதம் இல்லை, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், சிறுகச் சிறுகச் சேர்த்த நகை எல்லாம் சாம்பல்.

கோயில் மண்டபத்தில் கூடிப் பேசினோம். “நெருப்பை அணைக்கிறது கவர்மெண்டு வேலை, நமக்கு எதுக்குப்பா?” என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி. 1881 ஜனவரியில் கோலாலம்பூர் பட்டணமே எரிந்ததையும், 1883-ல் சிலாங்கூரில் பெல்லாமி என்பவர் தொடங்கிய முதல் தீயணைப்புப் படையே 15 தன்னார்வலர்களைக் கொண்டதுதான் என்பதையும் எடுத்துச் சொன்னேன். மத்திய அரசு இந்தச் சேவையைத் தன் கையில் எடுத்தது 1976-ல்தானே, ஐயா? “சரி, என்னால ஓட முடியாது, சமைச்சுப் போடுறேன், பேரை எழுதிக்கோ” என்றார். இன்றைக்கும் பயிற்சி நாளில் அவர் கை நாசிலெமாக்தான்.

அப்புறம் கடிதம், நிர்வாகக் குழுப் பட்டியல், ஐசி (அடையாள அட்டை) நகல் என்று காகித வேலை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் இளைஞர்கள் எல்லாரும் வண்டி எப்போது வரும் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த தீயணைப்பு நிலைய அதிகாரி கேட்டது வேறு: “தண்ணி எங்கே இருக்கு?” கடை வரிசையைத் தாண்டினால் தீயணைப்புக் குழாயே கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய மண்டோரை (தோட்டத்துக் கங்காணியை) கூட்டிக்கொண்டு குளம், வடிகால், ஆற்றங்கரை என்று நடந்து வரைபடம் போட்டோம். எது வெயில் காலத்தில் வற்றும், எந்தக் கரை பம்பின் பாரம் தாங்கும், எந்தத் தோட்டத்துக் கேட்டுக்கு யாரிடம் சாவி இருக்கிறது, இவையெல்லாம் அந்த மனிதரின் தலைக்குள் இருந்தன. காகிதத்தில் எங்குமே இல்லை. நீர்மட்டம் பம்புக்குக் கீழே ஏழெட்டு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டால் எவ்வளவு நல்ல பம்பாலும் உறிஞ்ச முடியாது என்பதால், உயரத்தையும் கயிறு விட்டு அளந்து குறித்தோம். படையின் உண்மையான தொடக்கம் அந்த வரைபடம்தான் என்பேன்.

இன்னொரு சிக்கல் ஆள். பிள்ளைகளில் பாதிப் பேர் கிள்ளான் பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பகலில் ஊரில் இருப்பவர்கள் அக்காமார்களும் ஓய்வு பெற்றவர்களும்தான். அவர்களையும் பயிற்சிக்குச் சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன், சில வீடுகளில் சம்மதம் வாங்கப் பலமுறை போய் உட்கார வேண்டியிருந்தது. நிலையத்து அதிகாரிகள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எரிகிற வீட்டைவிட முதலில் பக்கத்து வீட்டுக் கூரையை நனை, மெயின் சுவிட்சை அடை, கைக்கு எட்டுகிற கேஸ் தோம்பை (சிலிண்டரை) வெளியே எடு, எட்டாவிட்டால் விட்டுவிடு.

கரிமண் தீ தனிப் பாடம். எங்கள் பக்கம் வறட்சியில் மண்ணே எரியும். மேலே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே புகைந்துகொண்டு வேறோர் இடத்தில் கிளம்பும். ஊறும்வரை தண்ணீர் பாய்ச்ச வேண்டும், வடிகாலைத் தடுத்து நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும். கால் வைக்கிற இடத்தைக் கம்பால் குத்திப் பார்க்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்பது எங்கள் படையின் கண்டிப்பான விதி.

நன்கொடையில் ஒரு பழைய பம்பும் குழாய்களும் வாங்கினோம். முதல் அழைப்பு ஒரு பிற்பகலில், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு அடுப்படியிலிருந்து. ஓடிப்போனவர்களில் பெரும்பாலோர் அக்காமார்கள். பக்கத்து வீட்டுச் சுவரை நனைத்துக்கொண்டே இருந்தார்கள், பெரிய வண்டி வரும்வரை நெருப்பு அந்த ஒரு அடுப்படியைத் தாண்டவில்லை.

உங்கள் ஊரில் தொடங்குவதாக இருந்தால், நிலையத்துக்கு முதல்முறை போகும்போதே தண்ணீர் வரைபடத்தைக் கையோடு கொண்டு போங்கள், பகலில் யார் யார் ஊரில் இருப்பார்கள் என்ற பட்டியலையும் சேர்த்து. குழாயைக் காயப்போட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். நாங்கள் தமிழ்ப்பள்ளித் திடலின் கோல் கம்பத்தில் போடுகிறோம், தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கித்தான்.