பதினோரு பேர் கட்சி: இல்ஃபோர்ட் நாட்குறிப்பு 2019

18 பிப்ரவரி 2019, திங்கள்

மத்தியானம் சாப்டுக்கிட்டே போனைத் திறந்தா நம்ம எம்.பி மைக் கேப்ஸ் லேபர் கட்சிய விட்டு வெளிய வந்துட்டாராம். 1992லேர்ந்து எங்க கிழக்கு லண்டன் இல்ஃபோர்ட் சவுத் எம்.பி, போன எலக்‌ஷன்ல 75 சதவீதத்துக்கு மேல ஓட்டு வாங்குனவரு. தனியாவும் போகல, மொத்தம் ஏழு பேரு. சுக்கா உமுன்னா, லூசியானா பெர்ஜர், கிறிஸ் லெஸ்லி, ஏஞ்சலா ஸ்மித், கேவின் ஷூக்கர், ஆன் காஃபி, அப்புறம் நம்மாளு. காரணம்னு சொல்றது ரெண்டு: கட்சிக்குள்ள யூத வெறுப்ப லேபர் தலைவர் கோர்பின் கண்டுக்கல, ஐரோப்பிய யூனியன விட்டு வெளியேறற பிரெக்ஸிட்ல எந்தப் பக்கம்னே சொல்லாம இழுத்தடிக்கிறாரு. ரெண்டுலயும் நியாயம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா கட்சி ஆரம்பிக்கலயாம், 'தி இண்டிபெண்டன்ட் குரூப்'னு ஒரு குழுவாம், 'ஜெமினி ஏ'ன்னு ஒரு கம்பெனியா பதிவு பண்ணிருக்காங்க. கட்சின்னு பதிவு பண்ணாதான் நன்கொடை கொடுத்தது யாருன்னு சொல்லணும், கம்பெனின்னா வேண்டாம். புது அரசியல் செய்றோம்னு வர்றவங்க முதல் நாளே இப்படியா? அது போதாதுன்னு அதே மத்தியானம் டிவில ஏஞ்சலா ஸ்மித் கருப்பு, ஆசிய மக்களோட தோல் நிறத்தப் பத்தி என்னமோ உளறி சாயங்காலத்துக்குள்ள மன்னிப்பு கேக்க வேண்டியதாப் போச்சு.

சாயங்காலம் ஸ்டேஷன்லேர்ந்து வர்ற வழில மளிகைக் கடை அண்ணன்ட்ட சொன்னேன், அவர் யாழ்ப்பாணம், இங்க வந்து முப்பது வருஷத்துக்கு மேல. அரிசி மூட்டைய இறக்கிக்கிட்டே, "உவர் லேபரை விட்டா ஆர் தம்பி உவருக்குப் போடுறது?"ன்னாரு. அவ்ளோதான், வேற ஒண்ணும் கேக்கல.

21 பிப்ரவரி, வியாழன்

எட்டாவதா ஜோன் ரயன் வந்தாங்க, நேத்து ஆளுங்கட்சி கன்சர்வேட்டிவ்லேர்ந்து மூணு லேடி எம்.பி, ஆனா சூப்ரி, சாரா வொல்லஸ்டன், ஹைடி ஆலன். மொத்தம் 11. ஒரு கருத்துக்கணிப்புல 14 சதவீதம் வரைக்கும் காட்டுது, கட்சியே இல்லாத ஒண்ணுக்கு!

என் மேனேஜர் வயசான வெள்ளக்காரர், 1981 கதைய எடுத்துட்டாரு. அப்ப லேபர் பெருந்தலைங்க நாலு பேரு, ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ், வெளிய வந்து எஸ்டிபி (சோஷியல் டெமாக்ரடிக் பார்ட்டி) ஆரம்பிச்சாங்க. மொத்தம் 28 லேபர் எம்.பிங்க அதுல சேந்தாங்க. லிபரல் கட்சியோட கூட்டணி வெச்சு 1983 எலக்‌ஷன்ல 25.4 சதவீதம் ஓட்டு, லேபருக்கே 27.6 தான். ஆனா சீட்டு? லேபருக்கு 209, இவங்களுக்கு 23! ஓட்டு ஊரெல்லாம் பரவிக் கெடந்தா இந்த ஊர் தேர்தல் முறைல ஒண்ணும் தேறாது, ஒரே எடத்துல குவியணும். 1988ல லிபரலோட சேந்துட்டாங்க, அதான் இப்ப லிபரல் டெமாக்ரட், ஓவன் மட்டும் சேர மாட்டேன்னு தனியா எஸ்டிபிய நடத்துனாரு, 1990 மே மாசம் பூட்டில் இடைத்தேர்தல்ல அந்தக் கட்சி ஒரு காமெடி கட்சிகிட்ட தோத்துச்சு, மான்ஸ்டர் ரேவிங் லூனி பார்ட்டி, பேரே அதான். அதோட மூடிட்டாங்க. இந்த 11 பேருக்கும் இது தெரியாமயா இருக்கும்?

2 ஏப்ரல், செவ்வாய்

கட்சியா பதிவு பண்ண போன வாரம் மனு போட்டுட்டாங்க. பேரு 'சேஞ்ச் யூகே - தி இண்டிபெண்டன்ட் குரூப்'. ஹைடி ஆலன் இடைக்காலத் தலைவர். இணையத்துல கையெழுத்து வாங்கற சேஞ்ச் டாட் ஆர்க் காரங்க எங்க பேரு மாதிரி இருக்குன்னு சண்டைக்கு வர்றாங்க.

எனக்கு எரிச்சல் அதுல இல்ல, நேத்து ராத்திரி பார்லிமென்ட்ல நடந்ததுல. பிரெக்ஸிட்டுக்கு மாற்று வழி என்னன்னு ஒவ்வொண்ணா ஓட்டுக்கு விட்டாங்க. வெளியேறுனாலும் ஐரோப்பாவோட ஒரே சுங்கவரி முறைல, அதாவது கஸ்டம்ஸ் யூனியன்ல, மட்டும் இருப்போம்னு கென் கிளார்க் கொண்டுவந்தது 273க்கு 276, மூணே ஓட்டுல தோத்துச்சு. வெளியேறணும்ங்கறவனுக்கும் இருக்கணும்ங்கறவனுக்கும் நடுவுல ஒரு பாதை உண்டுன்னா அது இதுதான், அதுக்கு இந்த நடுநிலை குரூப் கை தூக்கல. இவங்களுக்கு பிரெக்ஸிட் பத்தி மக்கள்ட்ட ரெண்டாவது வாக்கெடுப்பு ஒண்ணுதான் வேணும். வேணும்னு கேக்கறது தப்பில்ல, எனக்கும் அதான் ஆசை, ஆனா அப்புறம் எதுக்கு நாங்க சென்டர் சென்டர்னு பேசணும்? இவங்க நடுவுல இல்ல, ஒரு கோடில நிக்கிறாங்க, கோட் சூட்டும் மெதுவான பேச்சும்தான் நடுநிலை மாதிரி காட்டுது.

24 ஏப்ரல், புதன்

ஐரோப்பிய பார்லிமென்ட் எலக்‌ஷன் வந்துருச்சு, பிரெக்ஸிட்டத் தள்ளிப் போட்டதால நின்னே ஆகணும். நேத்து பிரிஸ்டல்ல சேஞ்ச் யூகே பிரச்சாரத் தொடக்கம். வேட்பாளர்ல போரிஸ் ஜான்சனோட தங்கச்சி ரேச்சல் ஜான்சன், எங்க லண்டன் பட்டியல்ல முதல் ஆளா பிபிசில இருந்த கேவின் எஸ்லர். இன்னிக்குள்ள வேற ரெண்டு வேட்பாளர் பழைய ட்வீட்டால காலி.

இதுல எனக்கு சிரிப்பு வந்தது சின்னம் விஷயம். இவங்க கொடுத்த லோகோ வாக்காளரக் குழப்பும்னு தேர்தல் ஆணையம் வேண்டாம்னுடுச்சு, ஓட்டுச் சீட்டுல பேர் பக்கத்துல கட்டம் காலியா இருக்கப் போகுது. பிரச்சாரத்துக்கு நாலு கருப்புக் கோடு போட்டுருக்காங்க, சோப்பு டப்பா பின்னாடி இருக்கற பார்கோடு மாதிரியே இருக்கு. சின்னம் இல்லாம ஒரு கட்சி! இரட்டை இலை முடங்குன 1989ல அதிமுக ரெண்டா நின்னு என்ன பாடு பட்டுச்சுன்னு எங்கப்பா சொல்லிச் சொல்லி வளந்தவன் நான். இவங்களுக்கு யாராச்சும் ஒரு தமிழ்நாட்டு வட்டச் செயலாளரக் கூட்டிட்டு வந்து காட்டிருக்கலாம், மனுசன் தலைல அடிச்சுக்கிட்டுப் போயிருப்பாரு.

23 மே, வியாழன்

காலைலேயே ஸ்கூல்ல போய் ஓட்டு போட்டுட்டேன். இந்தியா பாஸ்போர்ட்தான், காமன்வெல்த் ஆளுங்கறதால இங்க ஓட்டு உண்டு, இது இன்னும் நம்ம ஆளுங்க நெறைய பேருக்குத் தெரியல. நான் யாருக்குப் போட்டேன்னு எழுத மாட்டேன், வீட்டுல கேட்டும் சொல்லல.

நேத்து ராத்திரி டிவில கூத்து. சேஞ்ச் யூகே தலைவர் ஹைடி ஆலனே, லண்டனும் தென்கிழக்கும் தவிர மத்த எடத்துல லிபரல் டெமாக்ரட்டுக்குப் போடுங்கன்னு சொல்லலாம்னு நான் சொன்னேன், மத்தவங்க ஒத்துக்கலன்னு பேட்டி கொடுக்கறாங்க, விடிஞ்சா ஓட்டுப்பதிவு! ஸ்காட்லாந்துல முதல் இடத்துல இருந்த வேட்பாளர் போன வாரமே லிபரல் டெமுக்குப் போடுங்கன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு.

இதே நாள்ல அங்க ஊர்ல லோக்சபா ரிசல்ட். ராத்திரி முழுக்க வாட்ஸ்அப் குரூப் தூங்கல. கமலோட மய்யம் முதல் தேர்தல்லயே 3.7 சதவீதம் கிட்ட, ஒரு சீட்டும் இல்ல, ஆனா கோயமுத்தூர்ல லட்சம் ஓட்டுக்கு மேல. மாமா பையன் அதுக்கே துள்ளிக்கிட்டு இருக்கான்.

27 மே, திங்கள் (பேங்க் ஹாலிடே)

சேஞ்ச் யூகே நாடு முழுக்க 3.3 சதவீதம், சீட்டு பூஜ்யம். லண்டன்லயே 5 சதவீதத்த ஒட்டித்தான். ஃபராஜோட பிரெக்ஸிட் பார்ட்டி, அதுவும் இந்த வருஷம் பொறந்த குழந்தைதான், 29 சீட்டு. லிபரல் டெமுக்கு 16. ரெண்டு புதுக் கட்சி, ஒரே வருஷம், ஒண்ணுக்கு ஒரே ஒரு கோரிக்கை, அதக் கேட்டா ரிக்‌ஷாக்காரருக்கும் புரியும். இன்னொண்ணு என்ன கேக்குதுன்னு சொல்ல அரை மணி நேரம் பேசணும், பேசி முடிச்சா அதையே லிபரல் டெம் ஏற்கெனவே கேட்டுக்கிட்டு இருக்கு. அப்புறம் எதுக்கு தனிக் கடை?

மாமா பையன் மெசேஜ்: "எங்காளு 3.7, உங்காளு 3.3." உங்காளாம்!

4 ஜூன், செவ்வாய்

பதினொண்ணுல ஆறு பேர் கெளம்பியாச்சு. உமுன்னா, பெர்ஜர், ஆலன், வொல்லஸ்டன், ஷூக்கர், ஸ்மித். கட்சியா பதிவாகி ரெண்டு மாசம் கூட ஆகல. மிச்சம் அஞ்சு பேருக்கு ஆனா சூப்ரி தலைவர். கேப்ஸ் இன்னும் உள்ளதான் இருக்காரு, எனக்கென்னமோ இதுல அவர்மேல கொஞ்சம் மரியாதை கூடிருச்சு.

15 ஜூன், சனி

உமுன்னா லிபரல் டெம்ல சேந்தாச்சு. மிச்ச கட்சி பேர மறுபடி மாத்துது, 'தி இண்டிபெண்டன்ட் குரூப் ஃபார் சேஞ்ச்'. சேஞ்ச் டாட் ஆர்க் பிரச்சனை தீரல போல. பிப்ரவரிலேர்ந்து இது எத்தனாவது பேருன்னு ஞாபகம் வெச்சுக்க முடியல.

13 டிசம்பர், வெள்ளி

நடுவுல எழுதவே இல்ல, எழுத அந்தக் கட்சில ஒண்ணும் நடக்கவும் இல்ல. நேத்து பொதுத்தேர்தல், போரிஸ் ஜான்சன் பெரிய மெஜாரிட்டி. இந்தக் கட்சி பேர்ல நின்னது மூணே பேரு. பிராக்ஸ்டோல சூப்ரி 4,668, நாட்டிங்ஹாம் ஈஸ்ட்ல லெஸ்லி 1,447, நம்ம கேப்ஸ் 3,891. கூட்டுனா மொத்தக் கட்சிக்கும் நாட்டுலயே 10,006 ஓட்டு. லெஸ்லிக்கு டெபாசிட்டும் போச்சு, இங்க 5 சதவீதம் வாங்கலன்னா 500 பவுன் திரும்ப வராது.

இல்ஃபோர்ட் கணக்கத்தான் திரும்பத் திரும்பப் பாத்தேன். 75லேர்ந்து 7 சதவீதம். 27 வருஷம் எம்.பியா இருந்த அதே ஆளு. லேபர் நிறுத்துன சாம் டாரிக்கு 35,000 ஓட்டு, அவர் பேரே எங்க தெருல பாதி பேருக்கு மூணு மாசம் முன்னாடி தெரியாது. விசா, இமிக்ரேஷன் லெட்டர்னு கேப்ஸ் ஆபீஸ் படியேறுன எத்தனையோ தமிழ்க் குடும்பம் இங்க இருக்கு. பால் வாங்கப் போனப்ப அண்ணன்ட்ட கேட்டேன், உங்களுக்கும் அவர் லெட்டர் போட்டுக் கொடுத்தாருல்ல, அவருக்குப் போடலயாண்ணே? "நல்ல மனுசன் தான் தம்பி, ஆனா நான் ரோசாப்பூவுக்கெல்லே போடுறனான். ஆள் மாறினா என்ன, பூ மாறேல்லைத்தானே"ன்னாரு. லேபர் சின்னம்தான் ரோசாப்பூ. கார்டு மெஷின் வேல செய்யல, காசு எடுக்க மறுபடி வீட்டுக்கு வந்தேன்.

20 டிசம்பர், வெள்ளி

கட்சியக் கலைக்கறோம்னு நேத்து சூப்ரி அறிவிச்சுட்டாங்க. அந்த 11 பேர்ல ஒருத்தர் கூட இப்ப பார்லிமென்ட்ல இல்ல. லிபரல் டெம் பேர்ல நின்ன உமுன்னா, பெர்ஜர், வொல்லஸ்டன், ஸ்மித் நாலு பேரும் தோத்தாச்சு, ஷூக்கர் லூட்டன்ல சுயேச்சையா நின்னு தோத்தாரு, காஃபி, ரயன், ஆலன் நிக்கவே இல்ல.

மேனேஜர் இன்னிக்கு கிறிஸ்மஸ் லஞ்ச்ல, எஸ்டிபிக்காச்சும் ஒம்போது வருஷம் ஆச்சுப்பான்னு சொல்லிட்டு அவர் பங்கு புடிங்கையும் என் பக்கம் தள்ளுனாரு. எனக்குப் பிடிக்காது, ஆனா சாப்டேன். கோர்பினும் போறாராம், இனி லேபர் தலைவர் யாருன்னு ஆபீஸ்ல பந்தயம் ஓடுது, நான் கெயர் ஸ்டார்மர் மேல அஞ்சு பவுன் கட்டிருக்கேன்.