முன்பக்க ஸ்ட்ரட், ஸ்பிரிங் மாற்றம்: நாட்குறிப்பு

மார்ச் 1, 2025, சனி

வண்டிக்கு 21 வயது ஆகிறது. கொஞ்ச நாளாகவே முன்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் அமுங்கி எழுந்து, மறுபடியும் ஒரு ஆட்டம் போட்டுத்தான் அடங்குகிறது. பிரேக் மிதித்தால் மூக்கு கீழே குத்துகிறது. இது எதுவும் திடீரென்று வருவதில்லை. மெல்ல மெல்லத் தேய்வதால் தினமும் ஓட்டுகிறவரின் கைக்கும் காலுக்கும் அது பழகிவிடுகிறது. இன்று தம்பி ஓட்டிப் பார்த்தான். இறங்கியதும், “அண்ணா, படகு மாதிரி ஆடுதே, எப்படி ஓட்டுறே?” என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் கீழே குனிந்து பார்த்தோம்.

பானெட் மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் பழைய சோதனையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கை அழுத்தத்தில் வண்டியின் உடல் மட்டும்தான் ஆடும், அதுவும் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை. சாலையில் சக்கரம் துள்ளுவது விநாடிக்குப் பத்து முறைக்கும் மேல். அந்த வேகத்தில் ஷாக் (ஷாக் அப்சார்பர்) ஆட்டத்தைப் பிடிக்கிறதா என்பதைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. டயர்தான் சாட்சி. முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றி வந்தால் மேடும் பள்ளமுமாக, அலை அலையாகத் தேய்ந்திருக்கிறது. சக்கரம் சாலையை விட்டு எழும்பி எழும்பி விழுந்ததன் தடம் அது. சொகுசு குறைந்ததை நான் பொறுத்துக்கொள்வேன். டயர் தரையில் இல்லாத நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. அதை எப்படிப் பொறுப்பது?

மார்ச் 2, ஞாயிறு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தேன். வலதைவிட இடது 18 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. இடது ஸ்ட்ரட்டின், அதாவது ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் ஷாக் தூணின், உடல் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் புழுதி கெட்டியாக ஒட்டியிருக்கிறது. தம்பி ஸ்டீயரிங்கைத் திருப்ப, நான் ஸ்பிரிங்கின் மேல் கையை லேசாக வைத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் முறுக்கேறி, ‘டொய்ங்’ என்று விடுபடுகிறது. மேலே இருக்கும் பேரிங் போய்விட்டது.

வண்டி தாழ்ந்தால் உடனே ஷாக்கைக் குறை சொல்வார்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. உயரம் குறைந்தால் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும், ஆட்டம் அடங்காவிட்டால் ஷாக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டுமே.

மார்ச் 3, திங்கள்

சாமான்களுக்குச் சொல்லியாகிவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் ஸ்ட்ரட், ஸ்பிரிங், மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர், ஸ்பிரிங் உட்காரும் ரப்பர், புது லாக் நட்டுகள். ஸ்ட்ரட்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். கழற்றும் பாடு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பழைய பேரிங்கைப் புது ஸ்ட்ரட்டின் தலையில் வைத்தால் ஆறு மாதத்தில் அதே போல்ட்டுகளை மறுபடி கழற்ற வேண்டிவரும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதையும் நான் ஏற்கமாட்டேன். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் அவசரமாகப் பிரேக் போடும்போது வண்டி நேராக நிற்காது.

இந்த ஸ்ட்ரட் அமைப்பை 1940களில் வகுத்தவர் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளர். 1950இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரில் முன்பக்கம் இதுதான் இருந்தது. ஷாக், ஸ்பிரிங், சக்கரம் திரும்புவதற்கான அச்சு மூன்றையும் ஒரே தூணில் அடக்கிவிட்டார். இடமும் மிச்சம், எடையும் மிச்சம். ஆனால் சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பதும் அதே தூண்தான். அதனால் உள்ளே தேய்ந்துவிட்டால் சக்கரத்தின் சாய்மானமும் ஆட்டம் காண்கிறது.

மார்ச் 7, வெள்ளி

சாமான் வந்தாயிற்று. பெட்டியிலுள்ள ஸ்பிரிங் எண்களை வண்டியின் பாகப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஸ்பிரிங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இன்ஜின் வகைக்கு ஏற்ப விறைப்பு மாறும். சாயங்காலம் கம்பி பிரஷ்ஷால் போல்ட் மரைகளைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தேன். அது ராத்திரி முழுக்க ஊறட்டும்.

மார்ச் 8, சனி

இன்று இடது பக்கம்.

ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினோம். முதலில் பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் ஒயர், ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைப்பது). லிங்க்கின் நட்டு சுற்றும்போது அதன் தண்டும் சேர்ந்தே சுற்றியது. எல்லன் கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பானரால் கழற்றினோம். ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேரும் இடத்தில் போல்ட் தலையின் நிலையைப் பெயின்டால் குறித்துக்கொண்டேன். எங்கள் வண்டியில் மேல் போல்ட்டில்தான் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்மானத்தை, வைப்பது. போல்ட்டை உருவியதும் நக்கிள் வெளியே சாயப் பார்க்கும். அதைக் கம்பியால் கட்டிவிட வேண்டும். விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், ஆக்ஸிலின் உள் ஜாயின்ட்டும் விலகிவிடும்.

மேலே பானெட்டுக்குள் மூன்று நட்டுகள் இருக்கின்றன, அவற்றை மட்டுமே கழற்ற வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டு அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது, அதைத் தொடவே கூடாது.

அடுத்து, எனக்கு உண்மையிலேயே பயம் இருக்கிற வேலை. நடுத்தரக் காரின் முன் ஸ்பிரிங்கை ஒரு சென்டிமீட்டர் அமுக்கச் சுமார் 25 கிலோ பாரம் வேண்டும். 15 சென்டிமீட்டர் அமுக்கினால் 375 கிலோ அதற்குள் காத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிச் சட்டங்களையும் ஸ்பிரிங்கில் எதிரெதிராக மாட்டி, திருகு மரையில் கிரீஸ் தடவி, இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று கையால்தான் இறுக்கினோம். காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் துப்பாக்கியை இதற்குப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; மரை சூடாகி வழுக்கினால் அப்புறம் யார் கையிலும் இல்லை. ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நேராக முகமோ வயிறோ வரக் கூடாது என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். “சரிண்ணா, தள்ளியே நிக்கிறேன்” என்று அவன் சுவரோரம் போய் நின்றுகொண்டான். ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து, கையால் அசைக்க முடிகிற நிலை வந்த பிறகே நடு நட்டைக் கழற்றினேன்.

பிரித்துப் பார்த்ததில் எல்லாம் விளங்கியது. அடி ரப்பருக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டு கிடந்தது. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்த துண்டு அது. உடைந்த முகத்தில் பாதி கருந்துரு, மீதி சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடித்து, கீறல் விழுந்து, அது மெல்ல உள்ளே போய், மீதி ஒரே அடியில் ஒடிந்திருக்கிறது. 18 மில்லிமீட்டர் தாழ்வுக்கும் ‘டக் டக்’ சத்தத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டது. பேரிங்கில் குண்டுகள் செம்பழுப்புப் பொடிக்குள் புதைந்திருந்தன. பழைய ஸ்ட்ரட் தண்டை அமுக்கினால் உள்ளே போய் அங்கேயே நின்றுவிடுகிறது. புதியது வாயு அழுத்தம் உள்ளது, தானாக மெதுவாக எழுந்து வருகிறது.

புது ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடித்து, சில முறை முழுக்க அமுக்கி இழுத்தேன். படுத்துக் கிடந்ததில் எண்ணெய்க்குள் புகுந்த காற்று வெளியேற வேண்டும். ஸ்பிரிங்கின் கீழ் முனை இருக்கையில் உள்ள படியில் முட்டி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். தண்டைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. குரோம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அது எண்ணெயைத் தடுக்கும் சீல் ரப்பரை அறுத்து எண்ணெய் ஒழுகத் தொடங்கிவிடும்.

மார்ச் 9, ஞாயிறு

வலது பக்கம் சீக்கிரமே முடிந்தது. ஸ்பிரிங் உடையவில்லை, ஆனால் புதியதோடு பக்கத்தில் நிறுத்தினால் குட்டை.

ஒரு விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். புது ஸ்பிரிங்கால் வண்டி உயர்ந்துவிட்டது. லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ்கள் பழைய தாழ்ந்த உயரத்தில் இறுக்கப்பட்டவை. அப்படியே விட்டால் அவற்றின் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அதனால் அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்களைச் சாய்பலகை மேல் ஏற்றி, எடை முழுக்கச் சக்கரத்தில் இருக்கும்போது டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கினோம்.

மார்ச் 10, திங்கள்

வீல் அலைன்மென்ட். பெயின்ட் குறியில் போல்ட் சரியாக உட்கார்ந்திருந்தும் இடது கேம்பரும் டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) அளவுக்கு வெளியே இருந்தன. உயரம் மாறினால் கோணம் மாறத்தான் செய்யும். அதைச் சரிசெய்த பிறகு அதே வேகத்தடையில் ஏற்றினேன். முன்பக்கம் அமுங்கியது, எழுந்தது, நின்றது. வளைவில் ஸ்டீயரிங்கை விட்டால் தானாகவே நேராகிறது. பேரிங் முறுக்கிக்கொண்டிருந்தவரை அது நடக்கவில்லை. இத்தனைக்கும் டயர் இன்னும் பழையதுதான், அலைத் தேய்மானத்தின் ‘உம்’ என்ற இரைச்சல் அப்படியே இருக்கிறது. அது ஸ்ட்ரட் மாற்றினால் போகாது.

மார்ச் 16, ஞாயிறு

100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும் நக்கிள் போல்ட்டுகளையும் மறுபடி பார்த்தேன். எதுவும் தளரவில்லை. உயரம் இரண்டு பக்கமும் சமம். ஸ்பிரிங் படிந்ததில் இரண்டுமே 3 மில்லிமீட்டர் இறங்கியிருக்கின்றன.

பின்பக்கத்தையும் குனிந்து பார்த்தாயிற்று. ஷாக்கில் கசிவு இல்லை. கீழ் புஷ் ரப்பர் மட்டும் வெடித்திருக்கிறது. பின் ஷாக் இரண்டுக்கும் பாக எண்ணை எழுதிக்கொண்டேன். அடுத்த மாதம் அந்த வேலை.