ஏழு மீட்டர் வண்டியும் கொண்டை ஊசி வளைவும்: மாதவரத்திலிருந்து மலைக்கு

வடசென்னையில் வண்டி ஓட்டுகிறவருக்கு மேடு என்றால் மூலக்கடை மேம்பாலம், பள்ளம் என்றால் ரயில்வே சப்வே. மற்றபடி எண்ணூர் முதல் ராயபுரம் வரை தட்டைத் தரை. ஆனால் மலைக்குப் போவதற்கு முன் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது. மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு கன்டெய்னர் டிரெய்லர் இடப்பக்கம் திரும்புவதை ஓரமாக நின்று பாருங்கள். முன்பக்கம் எதிர் லேன் வரை அகண்டு போகும். அப்படிப் போயும் பின்சக்கரம் நடைபாதைக் கல்லை உரசிக்கொண்டுதான் வரும். படுக்கையும் சமையல் மேடையும் வைத்துக் கட்டிய டிராவலர் வேன், மினி பஸ் சேஸிஸில் செய்த கேரவன் எல்லாமே மலை வளைவில் சின்ன அளவில் இதைத்தான் செய்யும்.

கணக்கு சுலபம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி, அதாவது வீல்பேஸ், 4 மீட்டர். முன்சக்கரம் 7 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரம் அந்தத் தடத்துக்கு ஏறக்குறைய ஒண்ணேகால் மீட்டர் உள்ளே வரும். 6 மீட்டர் வீல்பேஸ் உள்ள பஸ் 10 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் 2 மீட்டர் உள்ளே. மலை ரோட்டின் உள்ஓரத்தில் பெரும்பாலும் திறந்த மழைநீர்க் கால்வாய் இருக்கும். முன்சக்கரம் அதைத் தப்பிவிடும், பின்சக்கரம் இறங்கிவிடும். மலையில் பெரிய வண்டி ஓட்டுவது என்றால் பின்சக்கரத்தை ஓட்டுவது. இஞ்சின் பவர் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அது மூன்றாவது கவலைதான்.

கிளம்பும் முன் டேப் வைத்து நாலு அளவு எடுத்து ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். மொத்த நீளம், சைடு மிரர் விரித்த அகலம், கேரியரும் கூரை ஏசியும் சேர்ந்த உயரம், பின்அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம். கடைசி அளவைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். சட்டப்படி அது வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாடி கட்டுகிற இடத்தில் பின்னால் ஏணி, சைக்கிள் ஸ்டாண்ட், ஸ்டெப்னி பிராக்கெட் என்று சேர்த்துக்கொண்டே போனால், வளைவில் அந்த வால் வெளிப்பக்கம் வீசி தடுப்புச் சுவரில் இடிக்கும். செங்குத்தான ஏற்றத்தில் தரையையும் தட்டும். லைசென்ஸ் விஷயத்தில் குழப்பம் வேண்டாம்: மொத்த எடை 7,500 கிலோ வரை எல்எம்வி (இலகு ரக வண்டி) லைசென்ஸ் போதும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. இங்கே மொத்த எடை என்பது ஆர்சி புத்தகத்தில் உள்ள எடை.

எந்த மலை என்பதை வண்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஆசையைப் பார்த்து அல்ல. ஏலகிரியில் 14 வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். முதல் மலைப் பயணத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அடுத்தது சேலத்திலிருந்து ஏற்காடு, 20 வளைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலையில் 70, ஏழு மீட்டரைத் தாண்டிய வண்டிக்கு என் தீர்ப்பு: வேண்டாம். 70 தடவை சரியாகத் திருப்பினாலும் 71ஆவதாக எதிரில் வருகிறவர் சரியாக வரவேண்டுமே.

தடைகளையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலில் 2024 நவம்பரில் 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்களைத் தடை செய்தார்கள். ஊட்டி மசினகுடி கல்லட்டிப் பாதையில் 36 வளைவு. வெளியூர் வண்டி ஏறலாம், இறங்க விடமாட்டார்கள். அந்த இறக்கத்தின் செங்குத்தைப் பார்த்தவர்கள் அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டார்கள். முதுமலை, பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை கேட் மூடியிருக்கும். சத்தியமங்கலம் பக்கம் 27 வளைவுள்ள திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுத் தடை. சீசன் சமயத்தில் ஊட்டிக்கு குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். மேப் வேறு வழி காட்டினாலும் போலீஸ் காட்டும் வழிதான் வழி. கலெக்டர் உத்தரவுகள் அடிக்கடி மாறும் என்பதால் கிளம்பும் வாரத்தில் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

இப்போது வண்டிக்கு அடியில். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடற்காற்றில் நிற்கிற வண்டிக்கு மற்ற ஊர் வண்டிகளுக்கு இல்லாத ஒரு நோய் உண்டு: உப்புத் துரு. பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய் கிளிப் மாட்டிய இடத்தில் பொறிந்து கிடக்கும். கைப்பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே இறுகிப்போய், இழுத்தால் பிடிக்கும், விட்டால் திரும்பாது. மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றி அந்த இரண்டையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட் 4 ரகப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அதே எண்ணெய்க்கு 155 டிகிரி வரை இறங்கலாம். இறக்கத்தில் பிரேக் லைனரின் சூடு எண்ணெய்க்கு ஏறி அது கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி. மிதிக்கிற பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷம் ஆன எண்ணெய் என்றால் பேச்சே இல்லை, மாற்றிவிடுங்கள்.

தண்ணி டேங்க் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அரை டேங்க் தண்ணீர் வளைவில் அலை அடித்து வண்டியைத் தள்ளும். ஒன்று முழுசாக நிரப்புங்கள், இல்லை காலியாக ஏறி மேலே பிடித்துக்கொள்ளுங்கள். கனமான சாமான் இரண்டு அச்சுக்கும் நடுவில், தரையோடு. எல்லாவற்றையும் பின்னால் அடுக்கினால் முன்சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காது. கேரியரில் துணிமணி மட்டும். கேஸ் சிலிண்டர் நிமிர்ந்து கட்டியிருக்க வேண்டும்; ஓட்டும்போது வால்வு மூடியே இருக்க வேண்டும். டயர் காற்றை மலைக்காகக் குறைக்கச் சொல்கிறவர் உண்டு, கேட்காதீர்கள். உயரத்தால் அழுத்தம் கொஞ்சம் கூடும், குளிரால் கொஞ்சம் குறையும், ஏறத்தாழ சரிக்கட்டிவிடும்.

மாதவரம் ரவுண்டானாவிலிருந்து புழல், அங்கிருந்து பைபாஸில் மதுரவாயல், பிறகு பெங்களூர் ஹைவே. வேலூர் தாண்டி வாணியம்பாடியில் திருப்பத்தூர் ரோட்டுக்குத் திரும்பினால் ஏலகிரி அடிவாரம். அந்த அடிவார ஊர் பெயரும் பொன்னேரிதான்! மேப்பில் வெறும் பொன்னேரி என்று அடித்தால் நம்ம மீஞ்சூர் பக்கத்துப் பொன்னேரிக்கே வண்டியைத் திருப்பிவிடும். இந்த ஹைவே ஓட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பிஎஸ் 6 டீசல் வண்டி துறைமுக நெரிசலில் ஊர்ந்தே ஓடியிருந்தால் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் பில்டரில் கரி சேர்ந்திருக்கும். ஒரே வேகத்தில் ஹைவேயில் ஓடினால் அது எரிந்துவிடும். டேஷ்போர்டில் டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மலை ஏறாதீர்கள். பாதி ஏற்றத்தில் இஞ்சின் பவரைக் குறைத்துக்கொள்ளும்.

இனி வளைவு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால், இடப்பக்கம் திரும்புகிறவருக்குத்தான் உள்வட்டம், கஷ்டமான பங்கு. வளைவின் உள்ஓரம்தான் மிகச் செங்குத்தும். ஏறும்போது இடது வளைவு வந்தால், 20, 30 மீட்டர் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் கியர் மாற்றினால் வண்டி நின்றுபோகும். ஹாரன் அடித்துவிட்டு, தலையை உயர்த்தி மேல் ரோட்டைப் பாருங்கள். பஸ்ஸோ லாரியோ இறங்கிக்கொண்டிருந்தால் வளைவுக்கு வெளியிலேயே நில்லுங்கள், உள்ளே போய் நிற்காதீர்கள். ரோடு காலி என்றால் வலப்பக்கம் அகண்டு நேராகப் போங்கள். உள்ஓரக் கல் கதவைத் தாண்டிப் பின்னால் போகும்வரை பொறுத்து, அப்புறம்தான் ஸ்டியரிங்கை முழுசாக ஒடியுங்கள். கண் இடது மிரரில், பின்சக்கரத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே. சீக்கிரம் ஒடித்தவர்தான் மாட்டுகிறார், தாமதமாக ஒடித்தவர் ஒரு ரிவர்ஸ் எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். உள்சக்கரம் வெறுமனே சுழன்று புகை விட்டால் ஆக்சிலரேட்டரை மேலும் மிதிக்காதீர்கள். காலை எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கிப் பிடியுங்கள். வலது வளைவில் வெளிவட்டம் நமக்கு. அங்கே வெட்டி உள்ளே போகும் ஆசையை அடக்கினால் போதும்.

ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கிளப்ப கைப்பிரேக்தான், அரை கிளச்சில் பிடித்து நிற்கக் கூடாது. எரிந்த கிளச் வாசனை வந்தால் பத்து நிமிஷம் ஓரம் கட்டுங்கள். டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரைப் போடுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

குறுகலான இடத்தில் எதிரில் வண்டி வந்தால், ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை; விதியிலேயே இருக்கிறது. ஆனால் பின்னால் பத்து வண்டி அணிவகுத்து நிற்கிற பஸ்ஸை ரிவர்ஸ் போகச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒதுங்க இடம் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர் போவதுதான் நியாயம். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் இறங்கியே ஆக வேண்டும். வண்டிக்கு நேர் பின்னால் அல்ல, மிரரில் தெரிகிற பக்கத்தில், பள்ளத்துக்கு முதுகு காட்டாமல் நிற்கட்டும். ஒரு விசிலுக்கு நில், ரெண்டு விசிலுக்கு வா. நம்ம பஸ் கண்டக்டர் வழக்கமே போதும். நாலு பேர் இறங்கி “வா வா”, “லெஃப்ட்ல ஒடிண்ணே”, “ஹோல்டான்” என்று ஆளுக்கொன்று கத்தினால் டிரைவர் யார் சொல்வதையும் கேட்காமல் விடுவதே நல்லது.

ஏறத் தெரிந்தவர் பலர், இறங்கத் தெரிந்தவர் குறைவு. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்; சரிவு தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். சரிவில் வேகம் கூடியபின் கீழ் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் இஞ்சின் பிடிமானமே இல்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிற பழக்கமும், அதைவிட மோசமாக இஞ்சினை அணைக்கிற பழக்கமும் மலையில் கொல்லும். இஞ்சின் அணைந்தால் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் போய்விடும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். வேகம் கூடும்போது அழுத்தமாக மிதித்து, குறைத்து, முழுசாக விடுங்கள். விடுகிற நேரத்தில்தான் லைனர் ஆறும்.

கருகின வாசனையோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போவதோ தெரிந்தால், அடுத்த அகலமான இடத்தில் நில்லுங்கள். சக்கரத்துக்குக் கட்டை போட்டு அரை மணி நேரம் சும்மா விடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும் அல்லது கோணிக்கொள்ளும். கைப்பிரேக்கையும் சூட்டில் இழுத்துக் கட்டாதீர்கள், ஆறும்போது ஒட்டிக்கொள்ளும். கட்டையும் கியரும் போதும்.

பனிமூட்டத்தில் லோ பீம் மட்டும். ஓடும்போது ஹசார்டு (நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. உயரமான கேரவனுக்கு ரோட்டோரம் சாய்ந்த மரக்கிளையும் நீட்டிய பாறையும்தான் எதிரி, அவை பெரும்பாலும் மலைப்பக்க ஓரத்தில் இருக்கும்.

மேலே இரவு தங்க காட்டுப் பாதையின் ஓரம் ஒதுங்கக் கூடாது. வனத்துறை எழுப்பிவிடும், எழுப்பாவிட்டால் யானை எழுப்பும். காம்பவுண்டு உள்ள தங்கும் விடுதியில் முன்பே பேசி, கேட்டின் அகலத்தையும் உள்ளே திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்பதால் சோறு வடிக்கப் பார்க்காமல் குக்கர் எடுத்துப் போங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை செக்போஸ்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் கேன் நல்லது. சரிவில் நிறுத்தினால் மேல்நோக்கி நிற்கும் வண்டிக்கு முதல் கியர், கீழ்நோக்கி நிற்கும் வண்டிக்கு ரிவர்ஸ். முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, சரிவுப் பக்கமாக இரண்டு சக்கரத்துக்கும் கட்டை. காலையில் கிளம்பும்போது கட்டையை எடுத்து உள்ளே வைத்தீர்களா என்று ஒருவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு ரெண்டு விசில் கொடுக்கட்டும்.