517425-க்கும் 517426-க்கும் இடையில்

ஆந்திர மாநிலத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே சித்தூர் மாவட்டத்தின் வாலைப் போல நீண்டு கிடக்கிறது குப்பம். கிழக்கேயும் தெற்கேயும் நடந்தே எல்லையைத் தொட்டுவிடக்கூடிய ஊர்கள் இங்கு உண்டு. அந்தப் பக்கம் திருப்பத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டங்கள், மேற்கே கோலார் தங்கவயல். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பிழைப்புக்குப் பெங்களூர் என்று வளர்ந்தவர்கள் எங்கள் தலைமுறையில் ஏராளம், நானும் அவர்களில் ஒருவன். 1990-களின் நடுவில் அஞ்சல் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து, பணி ஓய்வு வரைக்கும் பெரும்பாலும் இந்த வட்டாரத்து அஞ்சலகங்களிலேயே கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஊர் கல்லூரி ஊராக மாறுவதைப் பற்றி இங்குள்ளவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் சொல்லக்கூடியது பணம் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்பதை மட்டும்தான். ஆனால் அதைப் பார்த்தாலே ஊரின் கதை பாதிக்குமேல் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மணியார்டர்கள் பெங்களூரிலிருந்து வந்தன. ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயில் பாதையில் குப்பம் இருப்பதால், விடியற்காலை ரயிலில் கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் காய்கறி விற்கவும் போகிறவர்களால் பெட்டிகள் நிரம்பி வழியும். அன்றாடம் போய் வருகிறவர்கள் ஒரு வகை. அங்கேயே கொட்டகை போட்டுத் தங்கி, மாதத்துக்கு ஒரு முறை கிராமத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இன்னொரு வகை. மழை பொய்த்தால் வேர்க்கடலை இல்லை, கேழ்வரகு இல்லை. பாலாறு ஆந்திரத்தில் ஓடும் கொஞ்ச தூரமும் இந்தப் பக்கம்தான் என்றாலும், அதில் தண்ணீர் ஓடிப் பார்த்த நாள்கள் குறைவு. அப்படிப்பட்ட ஆண்டுகளில் கிளை அஞ்சலகங்களுக்குப் போகும் தபால் பைகளில் கடிதத்தைவிட மணியார்டர் படிவங்கள்தாம் அதிகம் இருக்கும்.

1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது. தென்னிந்திய மொழிகளுக்கென்று ஆந்திர அரசு தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களின் ஒத்துழைப்போடு தொடங்கிய நிறுவனம் அது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் ஊர் என்பதால் இடத்தேர்வில் ஒரு நியாயம் இருந்தது. அப்போதைய முதலமைச்சரின் தொகுதி என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஊருக்கு வெளியே, பாறையும் புதரும் கிடந்த பெரும் பரப்பில் வளாகம் எழுந்தது. அதற்கு ஸ்ரீநிவாசவனம் என்று பெயர். சில காலம் எங்கள் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணான 517425-லேயே அதன் தபாலும் வந்து இறங்கியது, பிறகு வளாகத்துக்கென்று 517426 என்னும் தனி எண் வழங்கலாயிற்று. ஊர் ஓர் எண், வளாகம் ஓர் எண். நெடுநாள் வரையில் இரண்டுக்கும் இடையே பெரிதாகப் பேச்சுவார்த்தையும் இருக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொழிகளை ஆராய வந்தவர்களுக்கு, சந்தையில் ஒரே பேரத்தை மூன்று மொழியில் பேசி முடிக்கும் எங்கள் பூக்காரப் பெண்கள் கண்ணில் படுவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

மாணவர்கள் வந்ததும் மணியார்டரின் திசை மாறியது. கேரளத்திலிருந்தும் தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் குப்பத்துக்குப் பணம் வரத் தொடங்கியது. மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுதுவதற்கென்று ஒரு துண்டு இருக்கும். பணம் பெறுகிறவர் கையெழுத்திட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டதும் அந்தத் துண்டைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிடுவோம். அதில் எழுதியிருப்பதைப் படிக்கக் கூடாது என்பது மரியாதை. ஆனால் தொகையைச் சரிபார்க்கும்போது கண்ணில் படாமல் இருக்குமா? "பீஸ் கட்டியது போக மீதியில் செருப்பு வாங்கிக்கொள்" என்று தமிழில் ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். மலையாளத்தில் நெருக்கி நெருக்கி எழுதிய துண்டுகளும் வரும், எனக்குப் படிக்கத் தெரியாததால் அவற்றில் மட்டும் மரியாதை முழுமையாகக் காப்பாற்றப்பட்டது. நூறு ரூபாய் அனுப்ப ஐந்து ரூபாய் கமிஷன். அந்த ஐந்து ரூபாயை மிச்சப்படுத்தவென்று யாராவது ஊருக்கு வருகிறவர்கள் கையில் பணம் கொடுத்துவிடும் வழக்கமும் இருந்தது. நம்பிக்கையான ஆள் கிடைக்காதவர்கள்தாம் எங்களிடம் வந்தார்கள்.

இதிலே சித்தூர்க் குழப்பம் ஒன்று. கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சித்தூர் உண்டு, அங்கும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, அங்கும் பழைய அரசுக் கல்லூரி ஒன்று உண்டு. எங்கள் மாவட்டமும் சித்தூர். முகவரியில் மாநிலத்தை எழுதாமல், எண்ணையும் எழுதாமல் விட்டால் கடிதம் இரண்டு சித்தூரையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வரும். 678-இல் தொடங்குவது அந்தச் சித்தூர், 517-இல் தொடங்குவது இது. 1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமான அஞ்சல் குறியீட்டு எண்ணின் அருமையை, பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து இங்கே படிக்க வந்த மாணவர்களுக்கு நான் வகுப்பெடுக்காத குறையாக விளக்கியிருக்கிறேன். முதல் இலக்கம் 5 என்றால் ஆந்திரம், கர்நாடகம் முதலியவை. 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் போடும் கடிதம் எண்ணின் கணக்கில் வேறு மண்டலத்துக்குப் போகிறது. மாமன் மச்சான் உறவு அந்த எல்லையைக் கண்டதே இல்லை.

மாணவர்கள் வாடகைக்கு இருந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் மாதத் தொடக்கத்தில் ஏதாவது ஒரு காரணம் வைத்துக்கொண்டு அஞ்சலகத்துக்கு வருவார்கள். ஸ்டாம்ப் ஒன்று வாங்குவார்கள், பிறகு மெதுவாக, "அந்தக் கடப்பா பையனுக்கு மணியார்டர் வந்துதா சார்?" என்று கேட்பார்கள். ஒருவருடைய தபாலைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம், நான் சொன்னதில்லை. ஆனால் தெருவில் தபால்காரர் சைக்கிளை எந்த வாசலில் நிறுத்துகிறார் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது என் வாய்ப்பூட்டால் என்ன பயன்? வாடகை அன்று மாலையே வசூலாகிவிடும்.

இன்று பேசும்போது அந்த வீட்டுக்காரர்களும் அந்த மாணவர்களும் ஒருவரையொருவர் அருமையாக நினைவுகூர்கிறார்கள். அப்போது அப்படி ஒன்றும் இல்லை. தண்ணீர் ஒரு தகராறு, கறி சமைப்பது ஒரு தகராறு, சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பது பெரிய தகராறு. மே மாதத்தில் கங்கம்மா ஜாத்திரை வந்தால் உறவினர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். மாணவர்கள் இருந்த அறையையும் "ரெண்டு நாளைக்கு ஒதுக்கிக் குடுங்க தம்பி" என்று வாங்கிக்கொண்டு அவர்களை மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் பம்பைச் சத்தத்தில் புரண்டுகொண்டிருப்பார்கள். மறுநாள் அதே வீட்டில் அவர்களுக்கும் இலை போட்டுக் களியும் கறிக்குழம்பும் பரிமாறியதுதான் இப்போது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, மாடியில் கொசு கடித்ததை யாரும் சொல்வதில்லை.

2000-களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரியும் பெரிய மருத்துவமனையும் வந்தன. என்னைக் கேட்டால், ஊரை மாற்றியது பல்கலைக்கழகத்தைக் காட்டிலும் இதுதான் என்பேன். பல்கலைக்கழகத்துக்குப் படிக்கிறவர்கள் மட்டும் வந்தார்கள். மருத்துவமனைக்கு நோயாளிகள், அவர்களோடு துணைக்கு இருக்கிறவர்கள், நர்சிங் மாணவிகள், மருந்து விற்பனையாளர்கள் என்று நாள் முழுவதும் சோறு வேண்டியவர்கள் வந்தார்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்தும் தங்கவயலிலிருந்தும் மாநில எல்லையைக் கடந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களைக் கவுண்டரில் அடையாளம் கண்டுகொள்ளலாம்: தொலைபேசி வசதி பரவாத காலத்தில், அறுவை சிகிச்சை தள்ளிப்போயிற்று என்று ஊருக்குத் தந்தி கொடுக்க வருவார்கள். தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றபோது அதைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசியவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு தந்தியும் கொடுத்திராதவர்கள். கொடுத்துப் பழகியவர்களுக்குத் தந்தி என்றாலே வயிறு கலங்கும், அவர்கள் வருத்தப்படவில்லை.

இந்தக் காலத்தில்தான் மூன்றாவது திசை ஒன்று தோன்றியது. குப்பத்துப் பச்சைக் கிரானைட்டுக்கு வெளியில் நல்ல கிராக்கி. கல்லுடைக்கும் இடங்களுக்கும் பாலிஷ் போடும் பட்டறைகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் வடக்கேயிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஞாயிறு விடுமுறை கழிந்த திங்கள்கிழமை காலையில், விரல் இடுக்கில் கல்தூள் படிந்த கைகளோடு வரிசையில் நின்று தங்கள் ஊருக்கு மணியார்டர் அனுப்புவார்கள். முகவரியை அவர்கள் சொல்ல, நானோ வரிசையில் நிற்கும் கல்லூரி மாணவர் ஒருவரோ ஆங்கிலத்தில் எழுதித் தருவோம். ஒரு காலத்தில் பெங்களூரில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரோ இப்படி எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒரே கவுண்டரில், ஒரே நாளில், பிள்ளைக்குப் பணம் வருவதும் பெற்றோருக்குப் பணம் போவதுமாக இருந்தது.

"ஊர் கெட்டுப்போச்சு" என்று சொல்கிறவர்கள் இப்போது அதிகம். கடைத்தெருவில் பழைய மளிகை வியாபாரி ஒருவர், என்னிலும் மூத்தவர், எப்போது பார்த்தாலும் இதையே சொல்வார்: "எங்க காலத்துல ராத்திரி எட்டு மணிக்கு ஊரே அடங்கிடும் சார். இப்ப பாருங்க, பத்து மணிக்கு நூடுல்ஸ் கடை." அவர் சொல்வது உண்மை, ஊர் அடங்கித்தான் கிடந்தது. விழித்திருக்க வேண்டிய வயதுக்காரர்கள் அப்போது பெங்களூர்க் கொட்டகைகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் அவர் சேர்த்துக்கொள்வதில்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றி நிலம் வைத்திருந்தவர்களுக்கு அடங்கிய ஊர் இனிமையாக இருந்திருக்கும். நிலத்தின் விலை ஏறியதில் அவர்களே பெரும்பயன் அடைந்தவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பெருமூச்சுகளுக்கு நேர்மாறான நினைவுகளை நான் கேட்டது சேமிப்புக் கணக்குக் கவுண்டரில். மாணவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, கணவரைக் கட்டட வேலையில் பறிகொடுத்தவர், தன் வீட்டுத் திண்ணையிலேயே மெஸ் தொடங்கினார். கேரளத்துப் பிள்ளைகளுக்குக் களி இறங்காது என்று தெரிந்துகொண்டு அவர்களுக்கு மட்டும் தனியாகப் புழுங்கலரிசிச் சோறு வடித்தார். மாதத்துக்கு நூறு ரூபாய் என்று ஐந்தாண்டு ஆர்.டி. தொடங்கினார். முதல் தடவை கைநாட்டு. இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, பதிந்த பிறகு அந்த மையைத் தலைமுடியில் தடவித் துடைத்துக்கொண்டார். பாஸ்புக்கை ஒரு பழைய மருந்துக்கடைப் பையில் போட்டு, அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வார். ஓரங்கள் மஞ்சள் கறையேறி, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்து முத்திரை குத்தும்போது மஞ்சளும் மிளகாயும் சேர்ந்த வாசனை வரும். ஒரு மாதம் தவணை தவறினால் அபராதம் உண்டு, அவர் தவறியதில்லை. கணக்கு முதிர்ந்த அன்று கையெழுத்துப் போட்டுத்தான் பணம் வாங்கினார். அவரிடம் சாப்பிட்ட தமிழ்த்துறை மாணவி ஒருத்தி எழுத்து கற்றுக்கொடுத்திருந்தாள். அவரிடம் போய் ஊர் கெட்டுவிட்டதா என்று கேட்டால், "எந்த ஊரு?" என்றுதான் கேட்பார்.

அவரைப் போன்றவர்கள் நிறையப் பேர். மருத்துவமனையில் ஆயாவாக, சலவைக்கு, காவலுக்கு என்று சேர்ந்தவர்களின் பெயரில் திறந்த கணக்குகள், ரயிலேறிப் போகாமல் ஊரிலேயே சம்பளம் கிடைத்ததன் சான்றுகள். அதற்காக எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்ல மாட்டேன். வேலையில் பலருக்கு நிரந்தரம் இல்லை. வாடகை ஏறியதில் ஊருக்குள்ளேயே குடியிருந்த ஏழைகள் வெளியே தள்ளப்பட்டார்கள். கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. ஹந்திரி-நீவா கால்வாயில் கிருஷ்ணா நதி நீர் குப்பம் வந்து சேர்ந்தது 2025 ஆகஸ்டில்தான்.

2015 ஏப்ரலில் பழைய மணியார்டர் நிறுத்தப்பட்டது. அதற்கு வெகு முன்பே மாணவர்கள் ஏ.டி.எம். அட்டைக்கு மாறியிருந்தார்கள், கிரானைட் தொழிலாளர்களும் வங்கிக்குப் போய்விட்டார்கள். ஆகவே நிறுத்தியது கவுண்டரில் ஒரு சலனத்தையும் உண்டாக்கவில்லை. வீட்டுக்காரர்களுக்கு மட்டும் வாடகை வசூலின் நாள் தெரியாமல் போயிற்று. இப்போது வளாகங்களுக்குள்ளேயே விடுதிகள் பெருகிவிட்டன. ஊருக்குள் அறை எடுப்பவர்கள் கண்காணிப்புக் கேமரா வைத்த புதுக் கட்டடங்களைத்தான் கேட்கிறார்கள். ஓட்டு வீட்டுத் திண்ணையில் இலை போட்ட காலம் போய், மருத்துவமனையில் துணைக்கு இருப்பவர்களுக்கு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுப்பதே இப்போதைய வியாபாரம். அந்த அம்மாவும் அதற்கு மாறிவிட்டார்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் கணக்கு விஷயம் என்றால் வீட்டுக்கே வந்துவிடுவார். பேத்தியின் பெயரில், பெண் குழந்தைகளுக்கான சுகன்யா சம்ருத்தி சேமிப்புக் கணக்கு ஒன்றை மகன் திறந்திருக்கிறார். அந்தத் திட்டம் 2015-இல் வந்தபோது 9 விழுக்காட்டுக்கு மேல் இருந்த வட்டி பிறகு எட்டுக்குக் கீழேகூட இறங்கி, 2024 ஜனவரியிலிருந்து 8.2 என்று நிற்கிறது. "அப்ப ஏன் அவ்வளவு குடுத்தாங்க, இப்ப ஏன் கொறைச்சாங்க? சீட்டுக் கட்டுனா இதைவிட வருமில்ல சார்?" என்று சண்டைக்கு வருகிறார். சீட்டில் போட்டுப் பணத்தை இழந்தவர்களின் பெயர்களை நான் வரிசையாகச் சொன்ன பிறகு, அந்தத் தெருவில் யார் யார் என்று அவரே மேலும் நாலு பெயரைச் சேர்த்துச் சொல்லிவிட்டு, இந்த மாதத் தவணைக்கான பணத்தை எண்ணத் தொடங்கினார்.