மே மாதச் சம்பளச் சிட்டை

இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு, எழுதுவது என் வேலை. யாருக்கு எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்') விழுந்தது, எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு பிள்ளையின் படிப்பும் அந்தப் பக்கங்களில் அடங்கியிருக்கிறது என்பது 2022இல்தான் எனக்கு உறைத்தது.

கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா வந்து நின்றார். "ஐயா, மகளுக்குப் பேராதனை கெம்பஸ் கிடைச்சிருக்கு. உதவிப் பணத்துக்கு வருமானக் கடிதம் வேணுமாம்." சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதினேன். கையில் இருந்தது மே மாதச் சிட்டை. 24 பேர். நாள் சம்பளம் 1,000 ரூபாய். பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டு வருமானம் 288,000 என்று போட்டேன். கிராம சேவகர் உறுதிப்படுத்தினார், பிரதேச செயலகத்திலும் கையெழுத்தாயிற்று.

மே மாதம் மழை பிடித்துக் கொழுந்து குவியும் காலம். அதே அம்மாவுக்குப் பெப்ரவரி வெயிலில் 11 பேர்தான், அதிலும் சில அரைப்பேர், அதாவது அரை நாள் கணக்கு. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டியிருந்தால் 198,000தான் வந்திருக்கும். தொண்ணூறாயிரம் ரூபாயை அந்தக் குடும்பத்துக்கு நான் பேப்பரில் கொடுத்துவிட்டேன். வருமானம் கூடிப்போனதால் மகளின் பெயர் உதவிப் பணப் பட்டியலில் வரவில்லை.

அரச பல்கலைக்கழகத்தில் பாடக் கட்டணம் கிடையாது என்பதால், வெளியில் இருப்பவர்கள் செலவே இல்லை என்று நினைக்கிறார்கள். சாப்பாடு, பஸ், போட்டோகொபி, மழைக்கு ஒரு சப்பாத்து, இதற்கெல்லாம் யார் கொடுப்பது? பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல உதவிப் பணம் அப்போது மாதம் 5,000 ரூபாய். 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக்கினார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் லயத்து வீட்டில் அந்த 5,000 ஐந்து நாள் உழைப்பு. அம்மா சீட்டை முன்கூட்டியே எடுத்துத்தான் மகளை அனுப்பினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

மேன்முறையீடு செய்யலாம் என்று தெரிந்ததும் இரண்டு இரவு உட்கார்ந்து, மாதவாரியாகப் பேர், பிடித்தம், கையில் கிடைத்தது எல்லாம் எழுதினேன். இன்னொரு சிக்கலும் அப்போதுதான் கண்ணில் பட்டது. செக்ரோலில் தகப்பன் பெயர் ராமையா, மகளின் பிறப்புச் சான்றிதழில் ராமன். இருவரும் ஒருவரே என்று தனியாக ஒரு கடிதம் வைத்தோம். அடுத்த முறை ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததும் நானே லயத்துக்குப் போகிறேன். யாருடைய பிள்ளை பாஸ் என்று கேட்டு, அந்தப் பெற்றோரின் பன்னிரண்டு மாதக் கணக்கை எடுத்து வைக்கிறேன். பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் அன்றே சொல்லிவிடுகிறேன். இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாகத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் புலமைப்பரிசிலுக்கும் அதே கணக்கு உதவுகிறது. இந்த வருடம் என் மேசை லாச்சியில் நான்கு கடிதங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, அந்த அம்மாவின் இளைய மகனுக்கு.